ஒட்டகச்சிவிங்கியின் கடை ஏன் மூடியது?

பெங்களூரு மகாதேவபுராவில் ஒயிட்ஃபீல்டு சாலையை ஒட்டியிருக்கும் ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி மாலில், 2017ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு பொம்மைக்கடை திறந்தது. பெயர் டாய்ஸ் ஆர் அஸ். நடுவில் இருக்கும் ஆங்கில எழுத்தை, எழுதப் பழகும் குழந்தை எழுதியதுபோல இடவலம் மாற்றிப் போட்டிருப்பார்கள். இந்தியாவில் அந்தப் பெயரில் திறந்த முதல் கடை அதுதான். லூலூ குழுமத்தின் சில்லறை வணிகப் பிரிவான டேபிள்ஸ் அதை நடத்தியது. நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களுக்கு, அந்தப் பலகையைப் பார்த்தது ஊர்க்காரரை வெளியூரில் பார்த்ததுபோல இருந்திருக்கும்.

அதே ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி இரவு, அந்தப் பெயருக்குச் சொந்தமான அமெரிக்க நிறுவனம் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகர நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூன் மாத முடிவில் அமெரிக்காவில் இருந்த கடைகள் எல்லாம் மூடியாயிற்று. அங்கே விளக்கு அணைய, இங்கே விளக்கு எரிந்தது. இது எப்படி? முதலில், அங்கே ஏன் அணைந்தது என்று கேட்டால், பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு பொம்மை எதற்கு, கையில் செல்போன் இருக்கிறதே. இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அமேசானைச் சொல்வார்கள். இரண்டுமே அரைகுறையான பதில்கள். பிள்ளைகள் மேல் பழிபோடுவது அநியாயமும்கூட. அதனால் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

சார்லஸ் லாசரஸ் என்பவர் 1948இல் வாஷிங்டன் நகரில் குழந்தைகளுக்கான கட்டில், தொட்டில் விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். உலகப்போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பி, கல்யாணம் முடித்து, வீட்டுக்கு வீடு குழந்தை பிறந்துகொண்டிருந்த நேரம். தொட்டில் வாங்க வந்த ஒருவர், குழந்தைக்குப் பொம்மை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். லாசரஸ் பொம்மையும் வாங்கி வைத்தார். கொஞ்ச நாளில் அவருக்கு ஒன்று புரிந்தது. தொட்டில் வாங்கியவர் திரும்பி வருவதில்லை. அடுத்த பிள்ளைக்கும் அதே தொட்டில்தான். பொம்மை அப்படியில்லை, உடையும். உடைந்தால் வருவார்கள். வியாபாரத்தில் இதைவிட நல்ல சரக்கு கிடைக்குமா?

1957இல் மேரிலாண்டின் ராக்வில் என்ற ஊரில், பொம்மை மட்டுமே விற்கும் கடையை டாய்ஸ் ஆர் அஸ் என்ற பெயரில் திறந்தார். மளிகைப் பொருள்களுக்கு வந்திருந்த சூப்பர் மார்க்கெட் முறையை அப்படியே பொம்மைக்குக் கொண்டுவந்தார். உயரமான அலமாரிகள், தள்ளுவண்டி, வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது நம் ஊர்ப் பழைய பொம்மைக்கடைகளை நினைத்துப் பார்த்தால் விளங்கும். சிவாஜிநகரிலும் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலும் பொம்மைகள் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் உறையோடு உத்தரத்தில் தொங்கும். கொக்கி வைத்த நீளக் கம்பைக் கையில் பிடித்தபடி கடைக்காரர், "எடுக்கறதா இருந்தா இறக்கறேன்மா" என்பார். அம்மா விலை கேட்பாள். பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். பொம்மைக்கும் பிள்ளைக்கும் நடுவே எப்போதும் ஒரு பெரியவர் இருந்தார். லாசரஸ் அந்தப் பெரியவரை விலக்கிவிட்டார். தன் உயரத்திலேயே இருக்கும் தட்டிலிருந்து குழந்தை தானே கைநீட்டி எடுக்கலாம் என்ற நிலை வந்தது. அந்தக் கடையைப் பற்றி இன்றும் நெஞ்சு கனத்துப் பேசுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வருவார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் விற்கும் சரக்காக இருந்த பொம்மையை ஆண்டு முழுவதும் விற்கும் சரக்காக்கியதும் அவர்தான். குழந்தைகளுக்கான டயாபரை நஷ்ட விலைக்குக் கொடுத்தார். டயாபர் வாங்க வந்த பெற்றோர் பொம்மையைத் தாண்டித்தானே வெளியே போக வேண்டும்?

1966இல் அவர் கடைகளை இன்டர்ஸ்டேட் என்ற பெரிய நிறுவனத்துக்கு 75 லட்சம் டாலருக்கு விற்றார். நடத்தும் பொறுப்பு அவரிடமே இருந்தது. 1974இல் இன்டர்ஸ்டேட் திவாலானது. நொடித்துப்போனவை அந்த நிறுவனத்தின் மற்ற கடைகள்தான். பொம்மைக்கடை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 1978இல் திவாலிலிருந்து மீண்டபோது மொத்த நிறுவனமும் பொம்மைக்கடையின் பெயரையே எடுத்துக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடையின் வாழ்க்கையில் திவால் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அது பொம்மைகளிடமிருந்து வரவில்லை.

1980களும் 90களின் தொடக்கமும் அதன் பொற்காலம். கனடாவிலும் சிங்கப்பூரிலும் 1984இல் கால் வைத்தது. 1991 கடைசியில் ஜப்பானுக்குப் போனது. அடுத்த மாதமே, 1992 ஜனவரியில், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் நாரா மாவட்டத்தில் இருந்த அதன் கடைக்கு நேரில் வந்தார். அந்த அளவுக்கு அது அமெரிக்க வணிகத்தின் அடையாளமாக இருந்தது. ஜெஃப்ரி என்ற ஒட்டகச்சிவிங்கி கடையின் சின்னம். அந்த நாட்களில் வளர்ந்தவர்களுக்கு அதன் விளம்பரப் பாட்டு இன்னும் மனப்பாடம். வீடியோ கேம் வாங்கும் முறையை அவர்கள் சொல்லும்போது கேட்க வேண்டும். சுவரில் படங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டுக்கட்டு. வேண்டிய படத்தின் சீட்டைக் கிழித்துக்கொண்டு போய்ப் பணம் கட்டினால், கூண்டுபோல் அடைத்த கவுண்டரிலிருந்து பெட்டியை எடுத்துத் தருவார்கள். அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற நிமிடங்களை நாற்பது வயதிலும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் 2001இல் திறந்த கடைக்குள் அறுபது அடி உயர ராட்டினமே சுற்றியது. பெங்களூரிலிருந்து வேலைக்காகப் போன எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் ஆல்பத்தில் அந்த ராட்டினம் இருக்கிறது. அந்தக் கடை 2015 டிசம்பரில் மூடியது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இந்தக் கடை வளர்ந்தபோது அமெரிக்க ஊர்களில் இருந்த சின்னச் சின்ன பொம்மைக்கடைகள் நூற்றுக்கணக்கில் படுத்துவிட்டன. இவ்வளவு பெரிய குவியலோடும் இவ்வளவு மலிவான விலையோடும் அவற்றால் போட்டி போட முடியவில்லை. பிறகு அதே நிலைமை இந்தக் கடைக்கே வந்தது. 1998இல் வால்மார்ட் அதைத் தாண்டி அமெரிக்காவின் மிகப் பெரிய பொம்மை விற்பனையாளர் ஆனது. வால்மார்ட்டுக்குப் பொம்மையில் லாபம் வேண்டியதில்லை. பொம்மைக்காக வந்தவர் அரிசியும் சோப்பும் வாங்கிப்போனால் போதும். லாசரஸ் டயாபரில் செய்ததைத்தான் அவர்கள் பொம்மையில் செய்தார்கள்.

அமேசான் விஷயமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் இரண்டு நிறுவனங்களும் பத்து ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டன. அமேசானில் பொம்மை விற்கும் தனி உரிமை டாய்ஸ் ஆர் அஸ்ஸுக்கு. அதற்குப் பதிலாக அதன் இணைய விற்பனை முழுவதும் அமேசான் வழியாகவே நடக்கும். பிறகு அமேசான் மற்றவர்களையும் பொம்மை விற்க அனுமதித்தது. 2004இல் வழக்குப் போட்டு 2006இல் டாய்ஸ் ஆர் அஸ் வெளியே வந்தது. வழக்கில் ஜெயித்தும், சொந்த இணையக் கடையை நிமிர்த்தியிருக்க வேண்டிய ஆண்டுகள் கைநழுவிவிட்டன. தன் வாடிக்கையாளரைத் தானே அடுத்தவர் வாசலுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் விட்டதுபோல் ஆயிற்று.

இவ்வளவும் நடந்த பிறகும் கடை சாகவில்லை. திவாலுக்கு முந்தைய ஆண்டில்கூட அதன் விற்பனை ஏறத்தாழ 1150 கோடி டாலர். யாரும் வராத கடையில் அவ்வளவு விற்காது. அப்படியானால் எது கொன்றது? 2005இல் நடந்த ஒரு கைமாற்றம். பலரும் கேள்விப்படாத, கேள்விப்பட்டாலும் புரியாத பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பெயின் கேப்பிடல், கேகேஆர் என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்களும் வோர்னாடோ என்ற நிலச்சொத்து நிறுவனமும் சேர்ந்து அந்த ஆண்டு டாய்ஸ் ஆர் அஸ்ஸை 660 கோடி டாலருக்கு வாங்கின. அவர்கள் கையிலிருந்து போட்டது சுமார் 130 கோடி. மீதி கடன்.

அல்சூரில் ஒரு மளிகைக்கடை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை ஒரு கோடி ரூபாய். வாங்க வருகிறவர் கையில் இருபது லட்சம்தான் இருக்கிறது. எண்பது லட்சம் கடன் வாங்குகிறார். இதுவரை உலகத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்தக் கடன் பத்திரம் அவர் பெயரில் எழுதப்படவில்லை, கடையின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. தன்னை ஒருவர் வாங்குவதற்கான கடனைக் கடையே சம்பாதித்து அடைக்க வேண்டும். வியாபாரம் பெருகினால் இருபது லட்சம் போட்டவர் பல மடங்கு பார்ப்பார். பெருகாவிட்டால் அவருக்குப் போவது இருபது லட்சம். கடைக்குப் போவது உயிர். இடையில் அவர் ஆலோசனைக் கட்டணம் என்று ஒரு தொகையைக் கடைக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. டாய்ஸ் ஆர் அஸ்ஸின் புதிய முதலாளிகளும் அப்படிக் கட்டணம் வாங்கினார்கள். சட்டத்தில் இதற்கு எந்தத் தடையும் இல்லை.

வட்டி மட்டும் ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டாலர். கடை நடத்தி வந்த லாபத்தில் ஏறக்குறைய எல்லாமே வட்டிக்குப் போனது. கடைகளுக்கு வெள்ளையடிக்க, இணைய விற்பனையைச் சீர்படுத்த, விலையை இறக்கி வால்மார்ட்டோடு மோத, கூடுதலாக ஆள் போட எங்கிருந்து பணம் வரும்? விளக்குகள் மங்கின, அலமாரிகளில் தூசி படிந்தது. வாடிக்கையாளர்கள் மெல்ல விலகினார்கள். அவர்கள் விலகியது கண்ணுக்குத் தெரிந்தது. ஏன் விலகினார்கள் என்பதற்கான கணக்கு கடன் பத்திரத்தில் இருந்தது.

கடைசி அடி 2017 செப்டம்பரில் விழுந்தது. நிறுவனம் திவாலை யோசிக்கிறது என்ற செய்தி கசிந்தது. பொம்மை வியாபாரம் நம் ஊர் தீபாவளி ஜவுளி மாதிரி. ஆண்டு வருமானத்தில் பெரும் பங்கு கிறிஸ்துமஸை ஒட்டிய சில வாரங்களில்தான் வரும். அதற்கான சரக்கைத் தயாரிப்பாளர்கள் செப்டம்பரிலேயே கடனுக்கு அனுப்புவது வழக்கம். செய்தி வெளியானதும் பலர் ரொக்கம் வைத்தால்தான் வண்டி கிளம்பும் என்றார்கள். ரொக்கம் இல்லை. மனு போட வேண்டியதாயிற்று. மனு போட்டதன் நோக்கம் கடையை மூடுவது இல்லை. கடனைச் சீரமைத்துத் தொடர்வதுதான். ஆனால் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விற்பனை மோசமானது. கடன் கொடுத்தவர்கள் பொறுமையிழந்தார்கள். இருக்கிற சரக்கை விற்றுக் கிடைப்பதை எடுத்துக்கொள்வதே மேல் என்று முடிவாயிற்று. 2018 மார்ச் 15ஆம் தேதி, அமெரிக்கக் கடைகளை எல்லாம் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 22ஆம் தேதி, லாசரஸ் தம் 94ஆம் வயதில் காலமானார்.

முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. இருபது, முப்பது ஆண்டுகள் அதே கடையில் நின்றவர்கள் அவர்களில் உண்டு. முதலில் அவர்களுக்கு ஒரு சல்லிக்காசு இழப்பீடு கிடையாது என்றார்கள். ஊழியர்கள் விடவில்லை. பல மாதம் போராடினார்கள், முதலீட்டு நிறுவனங்களின் வாசலுக்கே போனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கேகேஆரும் பெயினும் இரண்டு கோடி டாலர் நிதி ஒதுக்கின. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பங்கிட்டால் அது பெரிய தொகை அல்ல. ஆனால் சட்டப்படி தர வேண்டியதில்லை என்று சொன்னவர்களிடமிருந்து அதை வாங்கியது அந்தக் கடை ஊழியர்களின் ஒற்றுமை. கடையைப் பற்றிய ஏக்கத்தில் பலர் ஜெஃப்ரியை மட்டும் நினைக்கிறார்கள். எனக்கு இவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

கடைசி நாட்களில் எடுத்த ஒரு படம் உலகம் முழுவதும் சுற்றியது. காலியான கடை, வெறும் தரை, பெட்டியும் கையுமாகப் புறப்படத் தயாராக நிற்கும் ஒட்டகச்சிவிங்கி. தலைமை அலுவலகத்தில் நின்ற பதினாறு அடி ஜெஃப்ரி சிலையை மட்டும் யாரும் ஏலத்தில் கொண்டுபோகவில்லை. அதை நியூ ஜெர்சி நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள். சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளை அது இப்போது அங்கே வரவேற்கிறது.

இனி பெங்களூரு கேள்விக்கு வரலாம். அங்கே செத்த கடை இங்கே எப்படித் திறந்தது?

கடை வேறு, பெயர் வேறு. கட்டடம், சரக்கு, ஊழியர்கள் எல்லாம் போனாலும் பெயர் ஒரு சொத்தாகத் தனியே நிற்கும். அதை வாடகைக்கு விடலாம். ஒவ்வொரு நாட்டிலும் ஒருவர் உரிமத் தொகை கொடுத்து, அந்தப் பெயரில் தம் பணத்தில் கடை நடத்தலாம். ஆசியக் கடைகளை ஹாங்காங்கின் ஃபங் குழுமம் சிறுபங்குதாரராக இருந்த தனிக் கூட்டு நிறுவனம் நடத்திவந்தது. அமெரிக்கக் கடன் அவற்றின் தலையில் இல்லை. அதனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடைகள் தப்பின. கனடாக் கடைகளை 2018இல் ஃபேர்ஃபேக்ஸ் என்ற நிறுவனம் 30 கோடி கனடா டாலருக்கு வாங்கியது. அதன் தலைவர் பிரேம் வத்ஸா, சென்னை ஐஐடியில் படித்தவர். பெங்களூரு விமான நிலையத்தின் பெரும்பங்கு அவருடைய குழுமத்திடம்தான் இருக்கிறது. அதே பெயர், அதே பொம்மைகள். கடன் இல்லாத இடத்தில் கடை நின்றது. அமெரிக்கக் கடைகள் ஏன் செத்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இந்திய உரிமம் பின்னாளில் பெங்களூரையே தலைமையிடமாகக் கொண்ட ஏஸ் டர்டில் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அமெரிக்காவிலும் 2021இல் பெயர் டபிள்யூஹெச்பி குளோபல் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய், மேசிஸ் பல்பொருள் அங்காடிகளுக்குள் ஒரு பகுதியாக மறுபடி தலைகாட்டியது. இது இந்தக் கடைக்கு மட்டும் நடப்பதல்ல. லண்டனில் 1760இல் தொடங்கிய ஹாம்லீஸ், ஐஸ்லாந்து, பிரான்ஸ், சீனா என்று கைமாறி 2019இல் ரிலையன்ஸிடம் வந்துசேர்ந்தது. பெங்களூரு மாலில் சிவப்புச் சட்டை போட்ட ஊழியர் குமிழி ஊதிக் காட்டும்போது, இருநூற்றைம்பது ஆண்டு பழைய ஆங்கிலப் பெயர் ஒன்று இந்தியச் சொத்தாக நம் முன் நிற்கிறது.

இங்கே வெளிநாட்டு பொம்மை விற்பது எளிதும் இல்லை. பொம்மை மீதான இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆக உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் தரமுத்திரை இல்லாத பொம்மையை விற்கக்கூடாது. பிள்ளைகள் வாயில் வைக்கும் பொருளில் ஈயமும் நச்சுச் சாயமும் இருக்கக்கூடாது என்பதால் முத்திரை தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அமெரிக்காவில் இந்தப் பெயரைத் தூக்கி நிறுத்தியது மலிவான, மலைபோல் குவிந்த சரக்கு. அந்த வித்தையை இந்த வரிகளோடும் மால் வாடகையோடும் இங்கே அப்படியே செய்துகாட்ட முடியாது.

பெங்களூருக்குப் பக்கத்தில் இன்னொரு பொம்மைக் கதை இருக்கிறது. மைசூரு சாலையில் சுமார் அறுபது கிலோமீட்டர் போனால் சென்னபட்டணா. கன்னடத்தில் கொம்பெகள ஊரு, பொம்மைகளின் ஊர். நம் அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் மாதிரி கடைசல் வேலைதான். வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, உளியால் உருவம் எடுத்து, சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வரும். புவிசார் குறியீடு பெற்ற கைவினை. சீன பிளாஸ்டிக் பொம்மைகள் வந்தபோது நலிந்து, வடிவமைப்பாளர்களும் கைவினை அமைப்புகளும் கைகொடுக்க, மெல்லத் தலைநிமிர்ந்தது. 2023 மார்ச்சில் பெங்களூரு மைசூரு விரைவுச்சாலை திறந்தது. அது ஊருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறது. பழைய சாலையோரத்தில் காரை நிறுத்தி, ஆடும் குதிரையையும் நடைவண்டியையும் வாங்கிப்போன கூட்டம் மேலே பறந்துவிட்டது. அங்கும் பிள்ளைகள் பொம்மையை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாலை இடம் மாறியது, அவ்வளவுதான்.

அடுத்த முறை மைசூருக்குப் போகும்போது பிடதி தாண்டிப் பழைய சாலைக்கு இறங்கிக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் கூடுதலாகும். சென்னபட்டணா பட்டறைகளில் கேட்டால் கடைசல் ஓட்டிக் காட்டுவார்கள். கடைகளில் பம்பரமும் கிலுகிலுப்பையும் தாழ்வான தட்டுகளில் பரப்பியிருக்கும். பிள்ளையை விடுங்கள், தானே எடுத்துப் பார்க்கட்டும்.